ஒரு தட்டு பாடத்துக்கு

தேநீர் வேண்டாம் மேடம், வெந்நீர் போதும். பேசிப் பிழைக்கிறவன் தொண்டைக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது. எதுவும் கலக்க வேண்டாம். நான் எதையும் கலந்து குடிப்பதில்லை. போன முறை நீங்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது வேறு மாதிரி சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இங்கிலீஷ் வாத்தியார். பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. வெளிநாட்டு வேலைக்காக மொழித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு, ஒரு பயிற்சி மையத்தின் சார்பில், வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவன். நர்சுகள், வெல்டர்கள், சமையல்காரர்கள் என்று எல்லாரும் வேலை முடித்துக் களைத்துப்போய் வந்து உட்காருவார்கள். அவர்களை ரொம்பப் பயமுறுத்துவது இறந்தகாலம்தான். நடந்து முடிந்ததைச் சொல்ல ஒரு காலம் போதாதா, எதற்கு சார் இரண்டு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

என் விளக்கம் எளிமையானது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னால் சாதாரண இறந்தகாலம் போதும். எழுந்தேன், குளித்தேன், கிளம்பினேன். ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்கும் முன்னால் நடந்ததற்குத் திரும்பிப் போகிறபோதுதான் அந்த 'ஹேட்' வேண்டும். நான் போனபோது பஸ் கிளம்பியது என்றால், ஓடினால் பிடித்துவிடலாம். நான் போனபோது பஸ் போய்விட்டிருந்தது என்றால், ஓடிப் பிரயோஜனமில்லை. இரண்டிலும் 'போனபோது' என்பதற்கு அதே 'வென்'தான். எது முன்னால் நடந்தது என்பதுதான் விஷயம். இதைச் சொன்னதும் ஒன்றிரண்டு முகங்கள் தெளியும். அந்தத் தெளிவைப் பார்ப்பதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு சின்னது. முன்னறையில் நானும் லேப்டாப்பும். உள்ளறையில் என் அக்கா. நடுவில் ஒரு கதவு, அதை நாங்கள் சாத்துவதே இல்லை. தெருவில் ஹாரன், அடுப்படியில் குக்கர், பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, எல்லாம் மைக்கில் விழும். முதலில் கூசினேன். பிறகு அதையே பாடமாக்கிவிட்டேன். எந்தச் சத்தம் கேட்டாலும் உடனே நிறுத்தி, இது எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று வாக்கியம் கேட்பேன். சார் கேள்வி கேட்பதற்கு முன்பே குக்கர் விசில் அடித்துவிட்டிருந்தது என்று ஒருத்தர் இங்கிலீஷில் தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தால் எல்லாரும் கை தட்டுவார்கள். மையத்தில் இதற்குச் சத்தப் பயிற்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்தான், எனக்கும் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் மட்டும் புரியும். ஆனால் காது பாம்புக் காது. நான் பாடத்தில் சற்று நிறுத்தினால், சத்தம் எதுவும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு, இடது கையால் கரண்டியை எடுத்து டம்ளரில் ஒரு தட்டுத் தட்டுவாள். மாணவர்கள் சிரிப்பார்கள். 'அக்கா மேடம்' என்று அவளுக்குப் பட்டம். வாய் நன்றாக இருந்த காலத்தில் என்னை அவள் விட்டுவைத்ததில்லை. "என் தம்பி தும்முனாக்கூட இங்கிலீஷ்லதான் தும்முவான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். கேலிதான், ஆனால் அதில் பெருமையும் இருந்தது.

ஒரு தட்டு என்றால் பாடத்துக்கு. விடாமல் தட்டினால் வா என்று அர்த்தம். இதுவும் எங்களுக்குள் ஏற்பாடு. இதை நான் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் அக்காவைப் பார்த்துக்கொண்ட பெண். ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ். வேலையில் அவ்வளவு வேகம், அதனால் அக்கா அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் குழறல் வாயில் 'மின்ன' மட்டும்தான் வரும், அவளும் அதற்கே ஓடி வருவாள். காலையில் வந்து, சாயங்காலம் என் வகுப்பு ஆரம்பிக்கிற நேரத்தில் போவாள். ஏஜென்சியில் ஒரு கண்டிப்பு உண்டு. வீட்டு ஆள் ஒருவர் சரி என்று சொல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. அவள் ஒருநாளும் தாண்டியதில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றைய வகுப்பு மற்ற நாள் மாதிரி இல்லை. மையத்தின் தலைவர் வகுப்பில் வந்து உட்காரப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டு உச்சரிப்போடு பேசுகிற ஒரு இளம்பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். என் வகுப்புகளை அவளிடம் கொடுக்கலாமா, என்னையே வைத்துக்கொள்ளலாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வேறு எதுவும் தெரியாது மேடம். கடை வைக்கத் தெரியாது, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்தச் சின்னச் சின்ன சதுரங்களில் தெரிகிற முகங்கள் என்னை சார் என்று கூப்பிடுவதுதான் என் மொத்தச் சொத்து. அது போய்விடுமோ என்று காலையிலிருந்தே பாடத்தைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அக்காவிடம் போய் நானே கேட்டேன். "அக்கா, இன்னிக்கு பெரிய ஆள் ஒருத்தர் வர்றார். நான் நிறுத்துனதும் ஒரு தட்டு தட்டிடு, மானத்தக் காப்பாத்து." அவள் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் வகுப்பு தொடங்கியது. எல்லாரும் வந்துவிட்டார்கள், தலைவரும் வந்துவிட்டார். அப்போது மின்னல் கதவோரம் வந்து நின்றாள். "சார், அக்கா கஞ்சி குடிச்சாச்சு. நாற்காலில உக்கார வெச்சிருக்கேன். கதவு திறந்தேதான் இருக்கு. நான் கெளம்பட்டுமா?" என்று கேட்டாள். மைக் திறந்திருந்தது, அவள் கேட்டது வகுப்புக்கே கேட்டது. நான் திரும்பாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். "அக்கா, வரேங்க்கா" என்ற குரலும், பிறகு வாசல் கதவு சாத்துகிற சத்தமும் வந்தன.

பாடத்தில் நிறுத்த வேண்டிய இடம் வந்தது. நிறுத்தினேன். தட்டு வரவில்லை. மின்னல் பாத்திரங்களைக் கழுவி டம்ளரை எட்டத்தில் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், கரண்டி மட்டும் அக்காவிடம் இருந்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் குரலை உயர்த்தி, "ஏதாவது சத்தம் வருதான்னு பாப்போம்" என்றேன். மாணவர்களைப் பார்த்துச் சொல்வதுபோல உள்ளறைக்குச் சொன்னேன். அக்காவுக்கு அது புரிந்திருக்கும். டம்ளரை எடுக்க எழுந்திருக்கிறாள்.

தொம் என்று ஒரு சத்தம்.

மாணவர்கள் சிரித்தார்கள். "அக்கா மேடம் இன்னைக்கு பெருசா போட்டுட்டாங்க சார்" என்றான் லாரி டிரைவர் ஒருவன். இறந்தகாலத்தில் பல வாரமாக முட்டி மோதிக்கொண்டிருந்தவன் அவன். நான் அவனையே வாக்கியம் சொல்லச் சொன்னேன். அவன் யோசித்து, அந்தச் சத்தம் கேட்டபோது அந்த நர்ஸம்மா வீட்டை விட்டுப் போயிருந்தார் என்று, 'ஹேட்' சரியான இடத்தில் விழ, ஒரு பிழை இல்லாமல் இங்கிலீஷில் சொன்னான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். தலைவரும் தட்டினார்.

அதற்குள் உள்ளே தட்டல் ஆரம்பித்தது. டம்ளர் சத்தம் இல்லை, கட்டில் காலில் இரும்பு படுகிற சத்தம். விடாமல் வந்தது. உற்சாகத்தில் தட்டுகிறாள் என்று நினைத்தேன். இப்படித்தான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தட்டலை வைத்து மாணவர்களை இன்னும் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லவைத்தேன். வகுப்பிலிருந்த நர்ஸ் ஒருத்தி, சார் நிறுத்தச் சொல்வதற்குள் அவர் பலமுறை தட்டிவிட்டிருந்தார் என்றாள். அதுவும் சரியான வாக்கியம். பாராட்டினேன். பிறகு ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லி, கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு வெந்நீர் குடித்தேன். அவர்கள் எழுதி முடித்தபோது தட்டல் நின்றிருந்தது. மீதிப் பாடத்தை நடத்தினேன்.

வகுப்பு முடிந்ததும் தலைவர் மட்டும் இருந்தார். "வீட்டுச் சத்தத்தையே பாடமாக்குறீங்க பாருங்க, இத யாருக்கும் சொல்லிக்குடுக்க முடியாது சார். நீங்களே இருங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் உள்ளே போனேன். நான் போனபோது அக்கா போய்விட்டிருந்தாள்.

மண்டைக்குள் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றும் சொன்னார். அந்த வார்த்தை காதில் விழுந்த சூட்டோடு போன் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற அக்கா மகள். மின்னலை ஏற்பாடு செய்தது அவள்தான். அழுதுகொண்டே, "மாமா, அம்மா எப்ப விழுந்தாங்க? நீங்க வீட்லதானே இருந்தீங்க?" என்று கேட்டாள். நான், "அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னாடியே விழுந்திருக்கணும்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உள்ரூம் கதவையும் சாத்திட்டுப் போயிட்டா" என்றேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை மேடம். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்தேன், அவ்வளவுதான். என் தொழிலே அதுதானே, வாய் தன்னால் வைத்துவிட்டது.

மகள் ஏஜென்சியைப் பிடித்தாள், பிறகு உங்களிடம் புகார் கொடுத்தாள். மின்னலை வேலையை விட்டு நிறுத்தினார்கள். துக்கத்துக்கு அவள் வந்தாள். என் உறவுக்காரர்கள் அவளை உள்ளே விடவில்லை. வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், நான் சொல்லிட்டுத்தானே சார் போனேன்? நீங்க கை காட்டினீங்களே? எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமா இருக்கு சார்" என்றாள். நான், "நல்லா யோசிச்சுப் பாரும்மா" என்றேன். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் தப்புச் சொன்னவர்களிடம் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன். அவள் நிஜமாகவே நின்று யோசித்தாள். அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.

அடுத்த வகுப்பில் எல்லாரும் அனுதாபம் சொன்னார்கள். தையல்கார அம்மா ஒருவர் உண்டு. புருஷன் இருக்கிற நாட்டுக்குப் போகத் தேர்வு எழுதுகிறவர். அவர்தான் தயங்கித் தயங்கி, "சார், அன்னிக்கு அந்தம்மா போயிட்டு வரேன்னு சொன்ன அப்புறம்தானே அந்தச் சத்தம்? டிரைவர் தம்பிகூட அப்படித்தானே சொன்னாரு?" என்று கேட்டார். நான் அமைதியாக ஒரு கோடு வரைந்து திரையில் காட்டினேன். இடது பக்கம் சத்தம், வலது பக்கம் அந்தம்மா கிளம்புகிறது. டிரைவர் இலக்கணத்தைச் சரியாகச் சொன்னார், வரிசையைத்தான் மாற்றிவிட்டார், உற்சாகத்தில் நானும் கவனிக்கவில்லை என்றேன். சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கிளம்பினாள் என்றேன். டிரைவர் மன்னிப்புக் கேட்டான். தையல்கார அம்மா, "எனக்கு எப்பவும் முன்னது பின்னது கொழம்பும் சார், என் மண்டை அப்படி" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

வாத்தியார் சொன்னால் நம்புகிறவர்கள் மேடம் அவர்கள். அதைவிட நல்ல மாணவர்கள் எனக்கு வாய்த்ததில்லை.

நேற்றைய வகுப்பில், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். தையல்கார அம்மா முதல் ஆளாகக் கை தூக்கினார். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தோம். இங்கிலீஷில், ஒரு தடுமாற்றம் இல்லாமல். சொல்லிவிட்டு, "போலீஸ்லேர்ந்து போன் பண்ணிக் கேட்டாங்க சார். அங்கயும் கரெக்டா சொல்லிட்டேன். நீங்க சொல்லிக்குடுத்தது எனக்கு நின்னுடுச்சு" என்றார். முகம் அப்படியே தெளிந்திருந்தது. நான் இத்தனை காலம் எந்த முகத்துக்காக உட்கார்ந்திருந்தேனோ அந்த முகம். வகுப்பைப் பாதியில் நிறுத்தினேன். அக்கா விழுந்த அன்று நிறுத்தாதவன் நேற்று நிறுத்தினேன்.

அவர் சாட்சியை வைத்துத்தான் மின்னலை இன்று கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் ஆள் சொன்னார். உள்ளே வரும்போது அவளைப் பார்த்தேன். பார்க்காததுபோல் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "சாப்டீங்களா சார்? எளைச்சுட்டீங்க" என்றாள். கூனிக்குறுகிப் போய்விட்டேன் மேடம். வெட்கம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. செருப்பால் அடித்திருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பேன்.

நீங்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "வெந்நீர் குடிச்சேன்னு சொன்னீங்களே சார், நாற்காலியிலேயேதான் இருந்தீங்களா?" நான் பதில் சொல்லாமல் மேலே போனேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள். போன முறை என் மேசையில், லேப்டாப் பக்கத்தில், கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்த ஒரு கரண்டியைப் பார்த்து அது ஏது என்று கேட்டீர்கள். வெந்நீரில் தேன் கலக்க என்றேன். நீங்கள் அதையும் விட்டுவிட்டீர்கள். ஆனால் மறக்கவில்லை என்று உங்கள் கண் சொல்கிறது.

நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் திரும்பிப் பார்க்கிற காலம் தேவையில்லை என்று நானே பாடம் நடத்துகிறவன். அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மின்னல் என்னிடம் கேட்டாள். நான் கட்டைவிரலைக் காட்டினேன். மின்னல் போனாள். நான் சத்தம் கேட்டேன், அக்காவிடம். அவள் எழுந்தாள். விழுந்தாள். விடாமல் தட்டினாள். வா என்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. முதல் தட்டிலேயே இல்லை, நாலைந்து தட்டில் தெரிந்துவிட்டது. மாணவர்களை எழுதச் சொன்னேன். மைக்கை அணைத்தேன். எழுந்து உள்ளே போனேன். அக்கா தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள். தம்பி வந்துவிட்டான் என்று நிறுத்தினாள். நான் குனிந்தேன். தூக்கிவிடப் போகிறேன் என்று அவள் இடது கையை நீட்டினாள். அந்தக் கையில் கரண்டி இருந்தது. நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன். "இதோ வந்துடறேன்க்கா, பெரிய ஆள் இருக்கார்" என்றேன். வெளியே வந்தேன். ஒருநாளும் சாத்தாத கதவைச் சாத்தினேன். மைக்கைப் போட்டேன். பாடம் நடத்தினேன். அக்கா செத்துப்போனாள்.

மின்னலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தையல்கார அம்மாவிடம், அவருக்கு முதலில் ஞாபகம் இருந்ததுதான் சரி என்று யாராவது சொல்லுங்கள். நான் சொன்னால் மறுபடியும் குழம்பிப்போவார். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் திருத்தி எழுத வேண்டும் மேடம். உங்கள் எழுத்தர் அங்கே கரண்டியைப் பிடுங்கினேன் என்று எழுதியிருக்கிறார். நான் பிடுங்கவில்லை. கையை நீட்டினாள், அவளாகவேதான் கொடுத்தாள்.